மடிப் போணி

ராஜாக்களின் பெயர்களை மறந்துவிட்டு, அவர்கள் போட்ட சாலைகளை மட்டும் மக்கள் நினைவில் வைத்துக்கொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துக் கதை இது. கடை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் முன்னால் வந்து உட்காருங்கள். கடையில் கடன் சொல்லிவிட்டு வந்திருப்பவர்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.

கடலோரத்து உப்பளங்களிலிருந்து மலைநாட்டு மிளகுத் தோட்டங்களுக்கு ஒரு நெடுஞ்சாலை போயிற்று. மேலே போகும் வண்டி உப்போடு போகும். கீழே வரும் வண்டி மிளகோடு வரும். நடுவழியில், மாடும் மனிதனும் களைத்துப்போகிற இடத்தில், நெடுவழிப்பேட்டை என்று ஒரு சிற்றூர் இருந்தது.

பேட்டையில் ஒரே ஒரு கடைத்தெரு. அதில் முக்கியமான கடைகள் நான்கு. வண்டி அச்சுக்கும் சமையலுக்கும் எண்ணெய் ஆட்டிக் கொடுக்க நல்லாண்டியின் செக்கு. தண்ணீர்க் குடமும் சோற்றுப் பானையும் வனைய சடைய வேளாரின் சூளை. சக்கரத்துக்குப் பட்டையும் மாட்டுக்கு லாடமும் அடிக்க மருதாசாரியின் உலை. பசித்த வயிற்றுக்குச் சுடச்சுடப் போட பொன்னுருவியின் பணியார அடுப்பு.

நால்வருக்கும் கைத்தொழில் சுத்தம். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் நால்வருக்கும் ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. அதன் பெயர் போணி.

போணி என்றால் உங்களுக்குத் தெரியும். கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம். அது நல்ல கையால் நடந்தால் அன்றைய நாள் நன்றாக இருக்கும் என்று எல்லா ஊரிலும் நம்புவார்கள். பேட்டைக்காரர்கள் அந்த நம்பிக்கையை எடுத்து மூன்று முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். போணி ஆகும் முன் கடையிலிருந்து பொருள் இரவலாகப் போகக் கூடாது. போணி ஆகும் முன் இன்னொரு கடைக்குப் போய் எதையும் கொடுத்து எதையும் வாங்கக் கூடாது. போணி ஆகாத கடைக்காரர் இன்னொரு கடைக்குப் போணி செய்யவும் கூடாது.

நல்ல காலத்தில் இந்த முடிச்சுகளால் யாருக்கும் வலிக்கவில்லை. விடிவதற்குள் வண்டிக்காரர்கள் தெருவை நிறைத்துவிடுவார்கள். சூரியன் பனைமர உயரம் வருவதற்குள் நான்கு கடைக்கும் போணி ஆகிவிடும். பிறகு யார் யாரிடம் எது வாங்கினால் என்ன.

அப்படி இருக்கும்போது மழை பொய்த்தது. ஒரு வருஷம் பொய்த்தது. மறு வருஷமும் பொய்த்தது. அதற்கும் மறு வருஷம், வானம் பார்ப்பதையே ஜனங்கள் விட்டுவிட்டார்கள்.

வழியில் புல் இல்லை என்றால் மாடு வராது. மாடு வராவிட்டால் வண்டி வராது. வண்டி வராவிட்டால் பேட்டையில் போணி ஏது? நான்கு பேரும் காலையில் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்கள். வெயில் ஏறும். வெயில் இறங்கும். நான்கு பேரும் கடையைச் சாத்துவார்கள். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்று சொல்வார்கள் அல்லவா? பேட்டையில் ஒன்பது பறந்துபோயின. பத்தாவதாகிய போணி வழக்கம் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

இந்த நிலையில் ஒருநாள் ஓர் ஆள் ஓட்டமாக வந்தான். உப்பு வண்டிக்கூட்டத்தின் தலைவர் கூத்தப்பெருமாள் அனுப்பிய ஆள் அவன். தெரு நடுவில் நின்று செய்தி சொன்னான்.

“வர்ற மாசிப் பௌர்ணமிக்கு வண்டி இந்தப் பக்கம் வருது, மாட்டுக்கு வைக்கோலையும் கூடவே ஏத்திக்கிட்டு. தலைவர் முன்கூட்டியே ஒருக்கா வந்து பேட்டையைப் பார்ப்பார். வண்டிக்கு வேண்டியது, மாட்டுக்கு வேண்டியது, ஆளுக்கு வேண்டியது மூணும் இங்க கிடைச்சா வழி இதுதான். கிடைக்கலேன்னா ஆத்துக்கு அக்கரையில கோட்டைச் சந்தை இருக்கு, இனிமே அந்த வழிதான். அப்புறம் இந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க.”

சொல்லிவிட்டு ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்த வழியே போனான்.

இதைக் கேட்டு எல்லாரையும்விட அதிகம் கலங்கியவள் பொன்னுருவி. அவள் கணவன் இறந்து சில காலம் ஆகியிருந்தது. இரண்டு சின்னப் பெண்களை அந்த அடுப்பை வைத்துத்தான் வளர்த்துவந்தாள். கல் உடைக்கும் மலையிலிருந்து அவள் அண்ணன் ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தான், அடுப்பை அணைத்துவிட்டு வா, நீயும் கல் உடைக்கலாம், பிள்ளைகளும் கல் சுமக்கலாம் என்று. பௌர்ணமி வரைக்கும் பார்க்கிறேன் என்று அவள் பதில் சொல்லியிருந்தாள். அந்தப் பிஞ்சுத் தலைகளில் கல் கூடையை ஏற்ற அவளுக்கு மனசில்லை.

மறுநாள் விடிந்ததும் பொன்னுருவி பானையைத் துழாவிக் கடைசி மாவை எடுத்தாள். எண்ணெய்ச் சட்டியை வழித்துக் கடைசிச் சொட்டை எடுத்தாள். ஓர் இலை நிறையப் பணியாரம் சுட்டாள். எண்ணெய் கிடைத்தால் அடுப்பு எரியும். அடுப்பு எரிந்தால் தலைவர் வரும்போது பேட்டையில் சூடாக ஒன்றாவது இருக்கும். அவ்வளவுதான் அவள் கணக்கு. இலையை எடுத்துக்கொண்டு எண்ணெய்க்காரர் நல்லாண்டியிடம் போனாள்.

“அண்ணே, இந்தப் பணியாரத்தை வச்சுக்கிட்டு ஒரு கலயம் எண்ணெய் கொடுங்க.”

நல்லாண்டி ஆற்றில் போட்டாலும் அளந்து போடுகிற ஆள். பணியார வாசனை அவர் மூக்கைத் துளைத்தது. ஆனாலும் கேட்டார், “உனக்குப் போணி ஆச்சா தங்கச்சி?”

“ஆகலண்ணே.”

“அப்போ நீ எனக்குப் போணி பண்ணக் கூடாதே. இருக்கிறதே அடிக்கலயம் எண்ணெய்தான். உலக்கையை இறுக்குற இரும்புப் பூண் ஒடிஞ்சு செக்கு நிக்குது. போணி ஆகட்டும், ஆசாரிகிட்ட ஒரு பூண் வாங்கணும், அப்புறம் உனக்கு ஊத்துறேன்.”

பொன்னுருவி கொல்லர் மருதாசாரியிடம் போனாள். பணியாரத்துக்கு ஒரு பூண் வாங்கினால் நல்லாண்டியிடம் அதைக் கொடுத்து எண்ணெய் வாங்கலாமே என்று நினைத்தாள்.

“போணி ஆச்சா தாயி?” என்றார் ஆசாரி.

“ஆகலங்க ஆசாரியாரே.”

“செஞ்ச பூண் ஒண்ணு இருக்கு. ஆனா போணி ஆகாத கைக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கே துருத்தி வாய்க்குழல் உடைஞ்சு உலை அணைஞ்சு கிடக்கு. போணி ஆகட்டும், வேளார்கிட்ட மண்குழல் வாங்கணும்.”

பொன்னுருவி சடைய வேளாரிடம் போனாள். அவர் சக்கரத்தின் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்தார். பணியார வாசனைக்கு எழுந்து உட்கார்ந்தார். வாங்கக் கை நீட்டினார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

“உனக்குப் போணி ஆயிருச்சாம்மா?”

“ஆகல மாமா.”

“சுட்டு வச்ச குழல் மூணு கிடக்கு. மண்ணும் கிடக்கு. மிதிக்கத்தான் காலுல தெம்பு இல்ல. போணி ஆகட்டும், உன்கிட்டதான் பணியாரம் வாங்கித் திங்கணும்.”

கண்ணெதிரே பணியாரத்தை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சொன்ன பேச்சு இது.

‘ஆச்சு’ என்று ஒரே ஒரு பொய் சொல்லியிருந்தால் பொன்னுருவிக்கு அன்றைக்கு எண்ணெய் கிடைத்திருக்கும். அது அவளுக்கும் தெரியும். ஆனால் அண்ணன், மாமா என்று கூப்பிடுகிற வாயால் பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. தவிர, பொய் ஒருநாளுக்குத்தான் தாங்கும். மறுநாள் மறுபடி போணி வேண்டுமே.

இலையைக் கையில் வைத்துக்கொண்டு வெறிச்சோடிக் கிடந்த தெரு நடுவில் நின்றாள். அழுகை வரவேண்டிய இடம். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தெருவில் இல்லாத பொருள் எது? எண்ணெய் இருக்கிறது, பூண் இருக்கிறது, குழல் இருக்கிறது, பணியாரம் இருக்கிறது. அவரவருக்கு வேண்டியது எல்லாம் அடுத்த கடையிலேயே இருக்கிறது. யார் முதலில் என்பதுதான் தெரியவில்லை. முதல் ஆள் என்று ஒருவர் இருந்தால்தானே வம்பு?

அங்கிருந்தே உரக்கக் கூப்பிட்டாள். “மூணு பேரும் தெரு நடுவுக்கு வாங்க. ஆளுக்கு ஒரு பொருள் கையில எடுத்துக்கிட்டு வாங்க.”

வந்தார்கள். வேறு வேலை என்ன இருந்தது அவர்களுக்கு?

அவர்களை வட்டமாக நிற்க வைத்தாள். தன் வலப்பக்கம் சடைய வேளாரை நிறுத்தினாள். வேளாரின் வலப்பக்கம் மருதாசாரி. ஆசாரியின் வலப்பக்கம் நல்லாண்டி. நல்லாண்டியின் வலப்பக்கம் மறுபடி பொன்னுருவியே.

“எல்லாரும் ஒரே நேரத்துல வலப்பக்கத்து ஆளுக்குக் கொடுங்க. கொடுக்கிற அதே நிமிசத்துல இடப்பக்கத்து ஆள்கிட்ட வாங்குங்க. இப்ப சொல்லுங்க, இதுல போணி ஆகாத கை எது?”

மூன்று பேரும் யோசித்தார்கள். எந்தக் கையையும் அவர்களால் காட்ட முடியவில்லை. ஆனால் மருதாசாரி விடவில்லை.

“அதெல்லாம் சரி தாயி. வலது கையால கொடுக்கிறோம். அதே நேரத்துல வாங்குறது எந்தக் கையால? இடது கையாலயா? போணியை இடது கையால வாங்கினவன் உருப்படுவானா?”

நியாயமான கேள்விதான். பொன்னுருவி குனிந்து தன் முந்தானையை விரித்துப் பிடித்தாள்.

“கையில வாங்காதீங்க. மடியில வாங்குங்க. பிள்ளையை வாங்குறோம், பிரசாதத்தை வாங்குறோம். மடிக்கு ஏது இடது வலது?”

ஆண்கள் மூவரும் மேல்துண்டை அவிழ்த்து இடுப்பில் மடியாகக் கட்டிக்கொண்டார்கள். தெருக்கோடியில் இருந்த ஐயனார் கோயிலில் காலை மணி அடிக்கும் நேரம். மணி மூன்றாம் முறை அடித்ததும் நால்வரும் ஒன்றாகப் போட வேண்டும் என்று பேச்சு.

மணி ஒருமுறை அடித்தது. இருமுறை அடித்தது. மூன்றாம் முறையும் அடித்து ஓய்ந்தது. ஒருவர் கையும் திறக்கவில்லை. நல்லாண்டி ஆசாரியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசாரி வேளாரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேளார் பணியாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் மற்றவர் போடட்டும் என்று நின்றால் எப்படிப் பொருள் விழும்?

பொன்னுருவிக்குக் கோபம் வந்துவிட்டது. “பூசாரியாரே, இன்னொருக்கா அடிங்க” என்று கோயில் பக்கம் பார்த்துச் சொன்னாள். “இந்தத் தடவை எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. பார்த்துக்கிட்டே இருந்தா யாரும் போட மாட்டோம்.”

பூசாரி எட்டிப் பார்த்தார். சாமிக்கு இன்றைக்கு இரண்டு தடவை மணியா என்று அவருக்கு ஆச்சரியம். இருந்தாலும் அடித்தார். நால்வரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். மூன்றாம் மணியில் நான்கு கைகள் திறந்தன.

கண்ணைத் திறந்து பார்த்தால் நல்லாண்டி மடியில் பூண். ஆசாரி மடியில் குழல். வேளார் மடியில் பணியாரம். பொன்னுருவி மடியில் எண்ணெய்க் கலயம், ஒரு சொட்டும் சிந்தாமல் இருந்தது. நான்கு கடைக்கும் போணி ஆகிவிட்டது. வேளார் அங்கேயே உட்கார்ந்து பணியாரத்தைத் தின்றார். தின்றுகொண்டே அழுதார். மற்றவர்கள் அதைப் பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மடிப் போணி நடந்தது. போணி ஆகிவிட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடும் அல்லவா? பிறகு யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கலாம். பொன்னுருவியின் மாவுப் பானை காலி என்று தெரிந்ததும் ஆசாரி வீட்டிலிருந்து கொஞ்சம் கம்பு வந்தது. வேளார் வீட்டிலிருந்து கொஞ்சம் சாமை வந்தது. நல்லாண்டி நெடுநேரம் யோசித்துவிட்டுக் கொஞ்சம் எள் கொடுத்தார். எல்லாவற்றையும் கலந்து அவள் பணியாரம் சுட்டாள். அது முன்னைவிட ருசியாகவே இருந்தது. செக்கு சுழன்றது. உலை எரிந்தது. சூளை புகைந்தது.

இனி எல்லாம் சுகம் என்று நினைக்காதீர்கள். மனிதர்கள் அவ்வளவு சுலபமாகத் திருந்திவிட்டால் கதை சொல்கிறவன் பிழைப்பது எப்படி?

நல்லாண்டிக்கு ஒருநாள் பழைய புத்தி வந்தது. மூடிய கலயம்தானே, யார் திறந்து பார்க்கப்போகிறார்கள் என்று பாதிக் கலயம் எண்ணெய் மட்டும் ஊற்றி, மடிப் போணியில் பொன்னுருவிக்குப் போட்டார். அடுப்படிக்குப் போய்த்தான் அவள் பார்த்தாள். யாரிடமும் சொல்லவில்லை. இருந்த எண்ணெய்க்குச் சுட்டாள். எண்ணெய் போதாமல் பணியாரம் சட்டியில் ஒட்டிப் பாதி பிய்ந்துபோயிற்று. மறுநாள் வேளாருக்கு அரை வயிறுதான் நிறைந்தது. அரை வயிற்றோடு அவர் மிதித்த மண் சரியாகப் பதமாகவில்லை. அந்த மண்ணில் செய்த குழல் ஆசாரியின் உலையில் கீறல் விட்டது. காற்று ஒழுகி உலை சூடு குறைந்தது. அரைச் சூட்டில் அடித்த பூண் நல்லாண்டியின் மடிக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பூணை மாட்டிச் செக்கை ஓட்டிய மதியமே அது படீரென்று தெறித்தது. உலக்கை சாய்ந்தது. அன்று முழுக்கச் செக்கு ஓடவில்லை.

நல்லாண்டி ஆத்திரத்தோடு ஒடிந்த பூணைத் தூக்கிக்கொண்டு ஆசாரியிடம் போனார். ஆசாரி கீறிய குழலைக் காட்டினார். இருவரும் சேர்ந்து வேளாரிடம் போனார்கள். வேளார் தன் ஒட்டிய வயிற்றைக் காட்டினார். மூவரும் சேர்ந்து பொன்னுருவியிடம் போனார்கள். பொன்னுருவி உள்ளே போய்ப் பாதிக் கலயத்தை எடுத்து வந்து நல்லாண்டியின் முன்னால் வைத்தாள்.

நல்லாண்டி வெட்கத்தால் தலை குனிந்தார். தான் குறைத்தது தெருவையே ஒரு சுற்றுச் சுற்றித் தன் செக்கின் மேலேயே வந்து விழுந்திருக்கிறது என்று அவருக்கு விளங்கியது. மறுநாள் காலையில் கலயத்தை வழிய வழிய நிரப்பி, மூடாமலே கொண்டுவந்தார்.

பௌர்ணமி நெருங்கியது. தெருவில் எண்ணெய்க் குடங்கள் நிறைந்தன. சக்கரப் பட்டைகள் அடுக்கி வைக்கப்பட்டன. பானைகள் வரிசை கட்டின. தலைவரை மட்டும் காணவில்லை. பொன்னுருவி தினமும் சாலையைப் பார்த்தாள். கல் மலையிலிருந்து அண்ணன் மறுபடியும் ஆள் அனுப்பினான். நாளைக்குப் பௌர்ணமி, நாளை மறுநாள் பிள்ளைகளோடு வந்துவிடுகிறேன் என்று அவள் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

பௌர்ணமியன்று காலையில் நல்லாண்டி கடை திறக்கும்போது வாசலில் யாரோ ஒருவர் நின்றிருந்தார். கால் முழுக்கப் புழுதி. தோளில் அழுக்குத் துண்டு. உப்பு வியாபாரி என்று சொல்லிக்கொண்டார்.

“உங்க எண்ணெய் மொத்தத்தையும் நான் எடுத்துக்கிறேன். இரட்டை விலை தர்றேன். இப்பவே வேணும்.”

வந்த முதல் ஆளைத் திருப்பி அனுப்புவது கடைக்காரருக்கு ஆகாது. நல்லாண்டி பணிவாகச் சொன்னார். “கொஞ்சம் உட்காருங்க. கோயில் மணி அடிக்கட்டும். தெரு நடுவுல நாலு கடைக்காரங்களும் வட்டமா நின்னு பண்ற மடிப் போணி முடியட்டும், தாராளமாத் தர்றேன்.”

“மணி அடிக்கிற வரைக்கும் எனக்குப் பொறுமை இல்ல. மூணு மடங்கு விலை. அந்த மூணு கடைக்காரங்களுக்கும் தெரியாம இப்பவே ஏத்திவிடுங்க.”

நல்லாண்டிக்கு எச்சில் ஊறியது. என்னையும் உங்களையும் கேட்டிருந்தால் இந்த விலைக்குக் குடத்தோடு செக்கையும் பெயர்த்துக் கொடுத்திருப்போம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “மணி அடிக்கட்டுங்க” என்றார்.

வந்தவர் குரலைத் தாழ்த்தினார். “சரி, கடைசியாச் சொல்றேன். இனிமே வருசா வருசம் எத்தனை வண்டி வந்தாலும் எண்ணெய் உங்க கடையிலதான். உங்க பேரன் காலம் வரைக்கும் கவலை இல்ல. ஒண்ணே ஒண்ணு, நீங்க இப்ப அந்த வட்டத்துக்குப் போகக் கூடாது.”

நல்லாண்டி தெரு நடுவைத் திரும்பிப் பார்த்தார். அங்கே கோயிலில் முதல் மணி அடித்தது.

தெரு நடுவில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நான்காவது இடம் காலியாக இருந்தது. நல்லாண்டியின் கடை வாசலில் யாரோ வெளியூர்க்காரர் நிற்பதை எல்லாரும் பார்த்தார்கள். ஆசாரி பல்லைக் கடித்தார். “வித்துட்டான்” என்றார். வேளார் தரையைப் பார்த்தார்.

பொன்னுருவி இலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் இல்லாமல் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாமல் பேட்டை இல்லை. நாளைக்கு இந்த நேரம் தன் பெண்கள் கல் மலையில் இருப்பார்கள் என்று நினைத்தாள். இரண்டாவது மணி அடித்தது.

“இருங்க பூசாரியாரே!” என்று ஒரு குரல் கேட்டது.

நல்லாண்டி மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் கலயம். அது வழிய வழிய நிறைந்திருந்ததால் ஓட்டத்தில் பாதி அவர் வேட்டியிலேயே கொட்டியிருந்தது. அவர் பின்னால் அந்த அழுக்குத் துண்டுக்காரரும் வந்தார்.

“கடைசியா ஒரு பதில் சொல்லுங்க” என்றார் அவர். “அவ்வளவு பெரிய லாபத்தை எதுக்காக வேண்டாம்னீங்க?”

நல்லாண்டி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார். “இந்த அம்மா அடுப்பு அணைஞ்சா வண்டிக்காரன் இங்க நிக்க மாட்டான். ஆசாரி உலை அணைஞ்சா என் செக்கு நிக்கும். வேளார் போயிட்டா எண்ணெயை உள்ளங்கையிலயா புடிச்சுக்கிட்டுப் போவீங்க? ஒத்தைக் கடையை நம்பி எவன் மாட்டை அவுப்பான்? நான் ஒருக்கா பாதிக் கலயம் போட்டுப் பார்த்தவன் ஐயா. எனக்குப் பட்டுத் தெரியும்.”

அழுக்குத் துண்டுக்காரர் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். பிறகு தன் பெயரைச் சொன்னார். அவர்தான் கூத்தப்பெருமாள், வண்டிக்கூட்டத்தின் தலைவர்.

“கோட்டைச் சந்தையிலயும் இதே பேச்சைத்தான் பேசிப் பார்த்தேன். முதல் விலைக்கே அங்க இருந்த எண்ணெய்க்காரன் அடுத்த கடைக்காரனுக்குத் தெரியாம எனக்கு ஏத்திவிட்டான். வாங்குற எனக்கு அதுல வேலை சுலபம்தான். ஆனா அடுத்த வருசம் அங்க எத்தனை கடை மிஞ்சும்? நடு வழியில அச்சு ஒடிஞ்சா, அப்படி வாங்கின எண்ணெயை வச்சு ஒட்ட முடியுமா? நாளைக்கும் எல்லாக் கடையும் திறந்திருக்கிற ஊர் வழியாத்தான் நான் மாட்டை ஓட்டுவேன். நம்ம வழி பேட்டை வழிதான்.”

பொன்னுருவி அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டாள். இனி அவள் பெண்கள் கல் சுமக்க வேண்டியதில்லை. ஆசாரி நல்லாண்டியின் தோளைத் தட்டினார். தூரத்தில் மாட்டு மணிகளின் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

“சரி, போணி நிக்குதே” என்றார் தலைவர். “எனக்கும் இதுல ஓர் இடம் விடுங்க.”

நகர்ந்து இடம் விட்டார்கள். நல்லாண்டிக்கும் பொன்னுருவிக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டு, இடுப்பு மூட்டையிலிருந்து ஒரு கை உப்பை அள்ளினார்.

வேளார் பதறினார். “ஐயா, உப்பைக் கைக்குக் கை கொடுத்தா சண்டை வருமே.”

“அதுக்குத்தானே மாமா மடி இருக்கு” என்றாள் பொன்னுருவி, எழுந்து முந்தானையை விரித்தபடி.

பூசாரி மூன்றாவது மணியை அடித்தார். ஐந்து பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். பொன்னுருவியின் மடியில் உப்பு விழுந்தது. தலைவரின் மடியில், சிந்தியது போக மிச்சமிருந்த எண்ணெய் வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து அவர் சிரிக்க, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். பேட்டைத் தெருவில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. பொன்னுருவி சிரித்துக்கொண்டே அடுப்பு மூட்டப் போனாள், வண்டிக்காரர்கள் பசியோடு வந்துகொண்டிருந்தார்களே.

அதனால் கடை வைத்திருப்பவர்களே, வைக்கப்போகிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள்: கெட்ட காலத்தில் பக்கத்துக் கடை பிழைத்தால்தான் நம் கடையும் பிழைக்கும்.